பறவை நேசர்கள் மரம் வெட்ட வந்தார்கள்

போன ஞாயிற்றுக்கிழமை சாமான் கடைக்குப் போயிருந்தேன். மிளகாய்த் தூளும் சோப்பும் வாங்கத்தான். கடைக்காரர் முனியாண்டி அண்ணன், கேட்காமலே ஒரு பையை என் கூடைக்குள் திணித்தார்.

"என்னண்ணே இது?"

"பறவைத் தீனி மிஸ்ஸி. சும்மா எடுத்துக்கிட்டுப் போங்க. மூட்டையா கெடக்கு, வாங்க ஆளில்ல. வண்டு வெச்சிரும் லா."

"எங்க வீட்ல பறவை இல்லையேண்ணே."

"எலி இருக்கும்ல? அதுக்குப் போடுங்க!"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தத் தீனி எப்படி மூட்டை மூட்டையாக அவர் கடைக்கு வந்தது என்று எனக்குத் தெரியும். எங்கள் தாமானில், அதாவது இந்தக் குடியிருப்பில், எல்லாருக்குமே தெரியும். யாரும் வாய் திறப்பதில்லை... எங்கள் சங்கத் தலைவருக்குக் கௌரவக் குறைச்சலாம்!

சரி, நான் திறக்கிறேன். வாராவாரம் பத்திரிகையின் இந்த மூலையில் நான் வேறு என்ன செய்கிறேன்?

(புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருப்பதால் ஊருக்கே நான் மிஸ்ஸிதான். என் பெயர் என் வீட்டுக்காரருக்காவது ஞாபகம் இருக்கிறதா என்பது சந்தேகம்.)

எங்கள் குடியிருப்போர் சங்கத் தலைவர் திரு. வைரவன். ஈப்போவில் பெரிய துணிக்கடை வைத்திருந்தவர். இப்போது கடையை மகன் பார்க்கிறான். இவர் எங்களைப் பார்த்துக்கொள்கிறார். அவருடைய மகள் இங்கிலாந்தில் இருக்கிறாள். போன வருஷம் அங்கே போய்ச் சில மாதங்கள் தங்கிவிட்டு, செப்டம்பரில் திரும்பி வந்தார். பெட்டி நிறையச் சாமான். எல்லாரும் சாக்லெட் எதிர்பார்த்தோம். அவர் கொண்டு வந்தது என்ன தெரியுமா? பறவைக்குத் தீனி வைக்கும் தட்டு. மரத்தில் செய்தது, மேலே குட்டிக் கூரை வேறு. கூடவே வழவழவென்று ஒரு கட்டு ஆங்கிலப் பத்திரிகை.

மறு வாரமே கூட்டம் போட்டார். தே தாரிக் டீ, கறி பப் பலகாரம் எல்லாம் இருந்தது. அதனால் நானும் போனேன்.

"இது இலையுதிர் காலத்தின் தொடக்கம்" என்று ஆரம்பித்தார் தலைவர். "இப்பவே நாம தீனி வெச்சுப் பழக்கணும். அப்பத்தான் குளிர்காலத்துல, பசி நேரத்துல, பறவைங்க நம்ம வீட்டத் தேடி வரும். பறவைங்களுக்காக நான் எதையும் செய்யத் தயார்!"

கைதட்டினார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர், அரும்பிய வியர்வையைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு, மறுபடியும் கைதட்டினார்.

ஈப்போவில் குளிர்காலமா? மத்தியானம் தார் உருகும். நாலு மணிக்கு இடியோடு மழை கொட்டும். அதுதான் எங்கள் குளிர்காலம், வசந்த காலம், எல்லாமே. இந்த நாட்டில் ஒழுங்காக இலை உதிர்ப்பது ரப்பர் மரம். அதுவும் வருஷத் தொடக்கத்தில். நான் பிறந்து வளர்ந்தது சுங்காய் பக்கத்துத் தோட்டத்தில். இலை கொட்டினால் பால் குறையும். பால் குறைந்தால் சம்பளம் குறையும். சம்பளம் குறைந்தால் அம்மாவின் குரல் உயரும். எனக்குத் தெரிந்த இலையுதிர் காலம் அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். செப்டம்பர் வந்தால் பட்டணத்து வயர்களில் தகைவிலான் குருவிகள் வரிசையாக வந்து உட்காருமே, பார்த்திருக்கிறீர்களா? வடக்கே குளிருக்குப் பயந்துதான் அவை இங்கே வருகின்றன. அதாவது, குளிர்காலம் இல்லாத ஊர் என்று குருவிக்குத் தெரிந்திருக்கிறது. சங்கத் தலைவருக்குத் தெரியவில்லை!

ஆனால் கூட்டத்தில் யாராவது சொன்னார்களா? மூச்சு விடவில்லை. நான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் 'பறவை நேசர் மன்றம்' பிறந்துவிட்டது. தலைவர் அவர். செயலாளர் அந்த வியர்த்த வாத்தியார்.

அப்புறம் என்ன? தாமான் முழுக்கத் தட்டுதான். தச்சரிடம் சொல்லித் தலைவர் வீட்டுத் தட்டு மாதிரியே செய்து வாங்கினார்கள். முனியாண்டி அண்ணன் தீனி மூட்டைகளை வரவழைத்தார். சாயங்காலம் ஆனால் வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டு, பேசாமல், அசையாமல், தட்டையே பார்த்துக்கொண்டு ஆட்கள். பக்கத்து வீட்டில் யார் சாகக் கிடக்கிறார்கள் என்று கேட்கத் தெரியாதவர்கள், பறவைக்காகச் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார்கள்.

வந்தது என்ன? மைனா. அப்புறம்? சிட்டுக்குருவி. அப்புறம்? இன்னும் கொஞ்சம் மைனா.

தலைவருக்கு மைனா பிடிக்கவில்லை. "இது பாசார்ல மேயுற பறவை" என்றார். அவருக்கு வேண்டியது பத்திரிகைப் படத்தில் இருப்பது மாதிரி கலர் கலரான பறவை. மஞ்சள் வேண்டும். பாட வேண்டும். தட்டில் வந்து அடக்கமாக உட்கார வேண்டும்.

மஞ்சள் பறவை எங்கள் ஊரில் இல்லாமல் இல்லை. இருந்தது. ஆனால் இருந்த இடம்தான் சங்கடம்.

எங்கள் வீடுகளுக்குப் பின்னால் ஒரு சந்து. சந்துக்கு அந்தப் பக்கம், தாமான் வருவதற்கு முன்பிருந்தே இருக்கிற ஒரு பலகை வீடு. தகரக் கூரை. அது டாக்சி ஓட்டும் பெருமாள் அண்ணனுடைய வீடு. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவர், தோட்டம் கைமாறியபோது வெளியேறி, லைசென்ஸ் எடுத்து டாக்சிக்கு வந்தவர். வாய் கொஞ்சம் நீளம். அவர் வேலிக்கு வெளியே, சந்தின் ஓரமாக, ஒரு செரி மரம். சின்னச் சின்னதாகச் சிவப்புப் பழம் பழுக்குமே, குடை மாதிரி விரிந்து நிழல் தருமே, அந்த மரம்தான். காலையில் போய்ப் பார்த்தால் மரமே பேசுவது போலிருக்கும். மாங்குயில், கொண்டைக்குருவி, சிவந்த கண்ணோடு கரிய பறவைகள் ஒரு கூட்டம், விரல் நீளமே இருக்கும் குட்டிப் பறவைகள்...

பெருமாள் அண்ணனுக்கு இதில் ஒரு பெருமையும் கிடையாது. தினமும் காலையில் டாக்சியின் கூரையைக் கழுவிக்கொண்டே அந்தப் பறவைகளின் வம்சத்தையே திட்டுவார்.

அந்த மரத்தடியில் ஒரு கேன்வாஸ் நாற்காலி. அதில் அவர் மனைவி பாக்கியம் அக்கா. இதெல்லாம் நடப்பதற்குச் சில மாதங்களுக்கு முன் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. நாம் சொல்வதெல்லாம் புரியும். திருப்பிச் சொல்ல வார்த்தை வராது. வாயைத் திறப்பார், ஒன்றும் வராது, கண்ணில் தண்ணீர் வரும். ஒரு காலத்தில் அந்தச் சந்து முழுக்கக் கேட்கிற குரல் அது. தகரக் கூரைக்குக் கீழே பகலில் படுக்க முடியாது, வெந்துவிடும். அதனால் காலையில் பெருமாள் அண்ணன் அவரைத் தூக்கி வந்து மரத்தடியில் உட்கார வைத்துவிட்டு டாக்சி எடுக்கப் போவார். பக்கத்தில் இருக்கும் அக்காவின் தங்கை வந்து வந்து பார்த்துக்கொள்வாள். வேலை முடிந்து வரும் வழியில் நானும் பிரஷர் பார்ப்பேன். அக்கா இடது கையால் மேலே காட்டுவார். பார்ப்பேன். மாங்குயில். தலையாட்டுவேன். எங்கள் பேச்சுவார்த்தை அவ்வளவுதான்.

இந்த நேரத்தில்தான் மன்றத்துக்கு ஒரு விழா யோசனை வந்தது. பட்டணத்துப் பெரிய மனிதர் ஒருவர் வருவதாக ஒத்துக்கொண்டார். வந்து, தலைவர் வீட்டுத் தோட்டத்தில் பறவைகள் தட்டில் சாப்பிடுவதைப் பார்ப்பார். ஆனால் பறவை வேண்டுமே?

மறுபடியும் கூட்டம். மறுபடியும் கறி பப்.

"காரணத்தக் கண்டுபிடிச்சிட்டேன்" என்றார் தலைவர். "நம்ம தட்டுக்கு ஏன் நல்ல பறவை வரமாட்டேங்குது? அந்தச் செரி மரம்! ஓசியில பழம் கெடைக்கும்போது எந்தப் பறவை தட்டுக்கு வரும்? அந்த மரம் போனாத்தான் இதுங்க நம்ம பக்கம் வரும்."

எனக்குக் காது சரியில்லையோ என்று நினைத்தேன்.

"பறவை வரணும்னு மரத்த வெட்டணுங்கிறீங்களா?"

"பறவைங்க நல்லதுக்குத்தான் மிஸ்ஸி. அந்தப் பழத்துல என்ன சத்து இருக்கு? நாம வெக்கிறது சத்துள்ள தீனி. பாக்கெட்லயே போட்டிருக்கான்."

"பறவையப் பாக்க ஆசையா இருந்தா அந்த மரத்தடிக்கே போய்ப் பாக்கலாமே? எந்திரிச்சு நடந்தா வந்துருதே!"

தலைவர் முகத்தைச் சுளித்தார். "அங்க எங்க மிஸ்ஸி உக்காருறது? ஒரே லொங்காங் நாத்தம். பெரிய மனுஷன அங்கயா கூட்டிட்டுப் போறது?"

லொங்காங் என்றால் சாக்கடை. அதே சாக்கடைதான் எங்கள் வீடுகளின் பின்புறமும் ஓடுகிறது. முன்பக்கம் கேட்டுக்குப் பெயின்ட் அடித்திருப்பதால் எங்களுக்கு நாற்றம் தெரிவதில்லை.

"அங்க ஒரு நோயாளி உக்காந்திருக்காங்க" என்றேன்.

"வீட்டுக்குள்ள உக்காரட்டுமே. காத்தாடி இல்லையா?"

பெருமாள் அண்ணனிடம் செயலாளரை அனுப்பிக் கேட்டார்கள். அவர் என்ன சொன்னார் என்பதை இந்தப் பத்திரிகையில் அச்சடிக்க மாட்டார்கள். அதற்குப் பிறகு மன்றம் ஒரு புது உண்மையைக் கண்டுபிடித்தது: மரம் நிற்பது வேலிக்கு வெளியே, சந்தில். ஆகவே அது யாருடைய மரமும் இல்லை. யாருடையதும் இல்லை என்றால் நம்முடையது! எவ்வளவு சௌகரியமான சட்டம்.

ஒரு சனிக்கிழமை. பெருமாள் அண்ணன் கோலாலம்பூருக்குச் சவாரி போயிருந்தார். அவர் போன பிறகுதான் இவர்கள் வந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். நான் பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். சந்தில் லாரி ஒன்று வந்து நிற்கும் சத்தம். அப்புறம் ஆட்களின் பேச்சு. எட்டிப் பார்த்தேன். மரம் அறுக்கும் செயின்சாவோடு ஒரு சீனக் கூலியாள். பக்கத்தில் வெள்ளைச் சட்டையில் தலைவர். செயலாளர். இன்னும் இரண்டு கமிட்டி ஆட்கள். மரத்தடியில், நாற்காலியில், பாக்கியம் அக்கா.

ஈரக் கையோடு கதவைத் திறந்துகொண்டு ஓடினேன்.

"அம்மா, கொஞ்ச நேரம் உள்ள போயிருங்கம்மா" என்று குனிந்து சொல்லிக்கொண்டிருந்தார் தலைவர், காது கேளாதவரிடம் பேசுவது போல் உரக்க. "மரம் விழும். ஆபத்து. புரியுதா?"

அக்கா அவரையே பார்த்தார். அசையவில்லை. உள்ளிருந்து ஓடி வந்த தங்கை, "வேணாங்கய்யா, மச்சான் வந்துரட்டும்ங்கய்யா" என்று கையைப் பிசைந்தாள். அவளை யார் கவனித்தார்கள்?

செயின்சாக்காரர் மெஷினைக் கீழே வைத்துவிட்டார். "தா போலே லா, தவுக்கே" என்றார், கையை ஆட்டி. 'முடியாது முதலாளி' என்று அர்த்தம். ஆள் உட்கார்ந்திருக்கும்போது அவர் வெட்ட மாட்டாராம். அங்கே நின்ற ஆண்களில் அவர் ஒருவருக்குத்தான் புத்தி இருந்தது.

தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு கமிட்டி ஆட்களிடம் சொன்னார்:

"நாற்காலியோட தூக்கி அந்தப் பக்கம் வெச்சிருங்க. ஒரு நிமிஷ வேலை."

படிக்கிற உங்களுக்குக் கோபம் வருகிறதா? எனக்கு வந்த கோபத்தில் காலே தரையில் பாவவில்லை. ஒரு வீட்டுப் பெண்ணை, அவள் வீட்டு வாசலில் வைத்து, புருஷன் இல்லாத நேரத்தில், பூந்தொட்டி மாதிரித் தூக்கி நகர்த்தப் பார்க்கிறார்கள். எதற்கு? மாங்குயில் தட்டுக்கு வர வேண்டும் என்பதற்கு! அந்த இரண்டு பேரும் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தே விட்டார்கள். அக்காவின் இடது கை, கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தது. விரல்கள் வெளுத்துப் போயிருந்தன.

"கைய எடுங்க!" என்று கத்த வாயைத் திறந்தேன். அதற்குள் வேறொரு குரல் கேட்டது.

"போடா."

கரகரவென்று, துருப்பிடித்த கதவு திறப்பது போல. யார் பேசியது என்று எனக்கே ஒரு கணம் புரியவில்லை. தங்கை இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பாக்கியம் அக்கா தலைவரின் முகத்தை நேராகப் பார்த்து, இந்த முறை இன்னும் தெளிவாகச் சொன்னார்.

"போ... டா!"

கமிட்டி ஆட்கள் சுடுசட்டியைத் தொட்டவர்கள் போலக் கையை எடுத்தார்கள். தலைவரின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! பட்டணத்தில் பத்துப் பேர் எழுந்து நின்று வணக்கம் சொல்லும் மனிதர். அவரை 'டா' போட்டு யாராவது கூப்பிட்டு எத்தனை காலம் ஆகியிருக்கும்? செயின்சாக்காரருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் ஈப்போவில் அந்த ஒரு சொல் எல்லா இனத்தாருக்கும் தெரியும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மெஷினைத் தூக்கி லாரியில் போட்டுவிட்டுப் போயே போய்விட்டார்.

நான் அக்காவின் காலடியில் உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருஷ நர்ஸ் வேலையில் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். பக்கவாதத்தில் பேச்சுப் போனவர்களுக்குச் சில சமயம் திட்டுத்தான் முதலில் திரும்பி வரும் என்று தெரியும். தெரிந்து என்ன செய்ய? அழுதேன். அக்கா என்னைப் பார்த்தார். தன் வாயிலிருந்து வந்ததை அவராலேயே நம்ப முடியவில்லை போலிருந்தது.

மன்றத்தின் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். மரம் வெட்டப்படாமலே விழா நடந்தது. பெரிய மனிதர் வந்தார். மாலை போட்டுக்கொண்டார். பறவைகளிடமிருந்து நாம் ஒற்றுமையைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று பேசினார். அவர் பேசும்போது தட்டில் இரண்டு மைனாக்கள் ஒன்றின் கழுத்தை ஒன்று கொத்திக்கொண்டிருந்தன. சாப்பிட்டுவிட்டுப் போனார். அப்புறம், கீழே சிந்திய தீனிக்கு எலி வந்தது. எலி என்றால் பூனை பயப்படுகிற எலி. தலைவர் வீட்டுச் சமையலறை அலமாரிக்குள் அது குடித்தனம் நடத்த ஆரம்பித்ததும், தட்டுகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. மன்றத்தைக் கலைப்பதற்குக் கூட்டம் போடவில்லை. அதனால் கறி பப்பும் இல்லை. தலைவர் இப்போது ஆர்க்கிட் வளர்க்கிறார். ஆர்க்கிட் பாவம்.

இனி, அந்தச் சனிக்கிழமைச் சாயங்காலம்.

பெருமாள் அண்ணன் திரும்பி வந்தார். நடந்ததை நான்தான் சொன்னேன். முதலில் முகம் சிவந்தது. கதையில் "போடா" வந்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"வெளையாடாதீங்க மிஸ்ஸி."

"சத்தியமாண்ணே. உங்க கொழுந்தியாளக் கேளுங்க."

அவர் அக்காவின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "பாக்கியம்... என்ன சொன்ன? எனக்கும் ஒருக்கா சொல்லேன்." அக்கா வாயைத் திறந்தார். வரவில்லை. கண் கலங்கியது. "சரி, சரி" என்றவர், வேறு வழியில் முயன்றார். அக்காவின் சமையலைத் திட்டினார். அக்காவின் அண்ணனைத் திட்டினார். அக்கா பிறந்த தோட்டத்தையே திட்டினார். அக்கா சிரித்தாரே தவிரப் பேசவில்லை.

சட்டென்று எழுந்தார். சட்டையை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று தலைவர் வீட்டை நோக்கி நடந்தார். கை கால் ஏதாவது முறிந்தால் கட்டுப் போட நான்தானே இருக்கிறேன் என்று பின்னாலேயே ஓடினேன்.

தலைவர் கேட்டைத் திறக்கவில்லை. வீட்டு இரும்புக் கிராதிக்குப் பின்னால் நின்றபடி, "பெருமாள்... எதுவா இருந்தாலும் பேசித் தீத்துக்கலாம். எனக்கும் பிரஷர் இருக்கு" என்றார்.

பெருமாள் அண்ணன் இரண்டு கையையும் கூப்பினார்.

"ஐயா, நாளைக்கு ஒருக்கா வரணும்ங்க."

"எங்க?"

"எங்க வீட்டுக்குத்தாங்க. அந்த மெஷின் ஆளையும் கூட்டிக்கிட்டு வாங்க. மரத்த வெட்டப் போறேன்னு சொல்லுங்க. வெட்ட வேணாம்... சும்மா சொன்னாப் போதும். நாற்காலியில கை வெச்சாக்கூட நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

தலைவருக்குப் புரிய நேரமாயிற்று.

"என்னப்பா சொல்ற? நான் மறுபடியும் வந்து அந்தம்மாகிட்ட திட்டு வாங்கணுமா?"

"ஆமாங்கய்யா."

அதை அவர் சொன்ன விதம் இருக்கிறதே... கிண்டல் துளிகூட இல்லை. ஆஸ்பத்திரியில் மருந்து கேட்டு நிற்பவர்களின் குரல் அது. "உங்களப் பாத்தாத்தாங்க அவளுக்குப் பேச்சு வருது" என்றார்.

தலைவர் என்ன செய்தார்? கதவைச் சாத்திக்கொண்டார்.

பறவைகளுக்காக எதையும் செய்யத் தயார் என்று முழங்கியவர்! ஒரு மனுஷிக்காக ஒரே ஒரு சொல் வாங்கிக்கொள்ளச் சொன்னால் முடியவில்லை. அந்த மனிதரால் வாழ்க்கையில் ஒருவருக்கு உருப்படியாக ஓர் உபகாரம் நடந்திருக்கும். அதையும் கெடுத்துக்கொண்டார்.

பெருமாள் அண்ணன் கூப்பிய கையை இறக்கினார். பிறகு, "வாங்க மிஸ்ஸி, போலாம்" என்றார்.

தலைவர் வராமலே, சில வாரங்களில் சொற்கள் ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தன. தண்ணி. வேணாம். வெயில். ஒரு நாள் என்னைப் பார்த்து "மிச்சி" என்றார். ஆனால் அக்காவுக்கு ரொம்பப் பிடித்தது அந்த முதல் சொல்தான். கஞ்சியில் உப்பு குறைந்தால் பெருமாள் அண்ணனுக்கு அதுதான் கிடைக்கிறது. நாடியைத் தொட்டும் தொடாமலும் பார்த்துவிட்டு ஓடிய டாக்டருக்கும் ஒன்று கிடைத்தது. பெருமாள் அண்ணனோ, "இன்னிக்குக் காலையில என்னைய ரெண்டு தடவ சொல்லிட்டா லா!" என்று சவாரிக்கு வருகிறவர்களிடமெல்லாம் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

அந்தச் சொல்லைக் கேட்டே ஆக வேண்டியவர்கள் எங்கள் தாமானில் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள்... அக்கா சீக்கிரம் எழுந்து நடக்கட்டும்!